கோட்டின் மேல் விழுகிற ஆட்டம்

கர்ணன் மண்ணை ஒரு பிடி அள்ளி, பிசைந்து, உதிர்த்துப் பார்த்த பிறகே டிராக்டரை நிறுத்தச் சொன்னார். திராட்சைக் கொடி ஊன்றுகிற நிலத்துக்குப் பார்க்கிற அதே பக்குவம். கையில் உருட்டினால் உருண்டு நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். வருடக்கணக்கில் மிதிபட்டு ஓடு மாதிரி இறுகிக் கிடந்த கல்லூரி மைதானம் அது. தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்து, சரளை பொறுக்கி, அதை மெத்தையாக்கியிருந்தார்.

"அய்யா, இதுல வெங்காயம் நட்டா நல்லா வரும்" என்றான் ஈஸ்வரபாண்டி. கல்லூரியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான்.

"நடுவ நடுவ. அந்தா கெடக்கு பாரு ஒரு கல்லு, அதப் பொறுக்கு மொதல்ல. பொம்பளப் பிள்ளைக விழுந்து எந்திரிக்கிற எடம்."

பிள்ளைகள் விழுவார்கள் என்று சொன்னது மருமகள் முனீஸ்வரி. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஆண்டும் பல்கலைக்கழகம் ஒரு கூட்டம் போட்டு, எந்த விளையாட்டுப் போட்டியை எந்தக் கல்லூரி நடத்துவது என்று பிரித்துக் கொடுக்கும். இந்த ஆண்டு கபடியை ஒரு கல்லூரி கேட்டு வாங்கியது, வாலிபாலை இன்னொன்று. பெண்கள் ரக்பி என்று வாசித்தபோது எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். முனீஸ்வரி கையைத் தூக்கிவிட்டு வந்தாள்.

வீட்டில் அதைச் சொன்னபோது மாமியார் கஸ்தூரியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னாடி ஆட்டம்?"

"பந்து முட்ட மாதிரி இருக்கும் அத்தை. கையில தூக்கிக்கிட்டு ஓடணும். எதிராளுக புடிச்சுக் கீழ தள்ளுவாக."

"பொம்பளப் பிள்ளைகளவா?"

"பிள்ளைகதான் தள்ளுறதும்."

"நல்லாருக்கு போ. கல்யாணம் முடிஞ்சும் பேண்ட்டப் போட்டுக்கிட்டு விசில் ஊதுறாளேன்னு இப்பவே ஊரு வாயில விழுந்து கெடக்கோம். இனி தள்ளிவிடுறது வேறயா?"

மகன் விஜய்பாண்டி குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் இருந்தான். வாரக் கடைசியில்தான் வருவான். ஆகையால் வீட்டில் முடிவு சொல்கிறவர் கர்ணன்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எடுத்தாச்சுல்ல. எடுத்தத நடத்தணும். இந்த வீட்டு ஆளு கையில எடுத்த காரியம் எதுவும் அரகொறயா நின்னதில்ல. மைதானம் என் பொறுப்பு. சாப்பாடு உன் அத்த பொறுப்பு. நீ மத்ததப் பாரு ஆத்தா."

போட்டி குறையில்லாமல் நடந்தால் முனீஸ்வரியின் வேலையை நிரந்தரமாக்க நிர்வாகத்திடம் பேசுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். அதைக் கர்ணன் வெளியே சொல்லவில்லை. ஆனால் பண்ணைப்புரத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து ராயப்பன்பட்டிச் சிநேகிதர் வரை எல்லாருக்கும் போன் போட்டு, "நம்ம மருமக யுனிவர்சிட்டிப் போட்டி நடத்துது" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மைதானத்துக்கு இவ்வளவு செய்தவர் ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. பேத்தி வயதுப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஓடிப் புரள்வதை நின்று பார்ப்பது தன் வயதுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. மாலையில் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும்போது அவர் தண்ணீர்க் குழாயைப் பார்ப்பார், இல்லாவிட்டால் மேற்கு மலையைப் பார்ப்பார்.

கம்பத்துத் திராட்சை வியாபாரி ஜெய்லானி, அவருடைய பழைய கூட்டாளி, இதைக் கண்டு சிரித்தார். "மாப்ள, கல்யாண வீட்டுக்குப் போயி பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம பந்தக்காலையே பாத்துட்டு வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்யா."

"பந்தக்காலு சரியா நின்னாத்தான் மாமு கல்யாணம்."

"அதுவுஞ்சரி. ஆனா யாரு ஜெயிச்சான்னு எங்கிட்டக் கேக்காத."

முதல் நாள் காலையில் பெரியகுளம் பக்கமிருந்தும் திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்தும் வேன்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு அணிக்கும் ஒரு மேனேஜர். முனீஸ்வரி அவர்களை வகுப்பறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் உண்மையிலேயே அந்தக் கல்லூரியில் படிக்கிறவள்தானா என்று படிவத்தையும் முகத்தையும் சரிபார்த்து, சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் எதிர் என்று முடிவு செய்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வுக் குழு வந்திருந்தது. போட்டி முடிந்ததும் எல்லா அணிகளிலிருந்தும் நல்லவர்களைப் பொறுக்கி பல்கலைக்கழக அணி என்று பெயர் வாசிப்பார்கள். அதில் பெயர் வந்தவள் முகாமுக்குப் போவாள், பிறகு வெளி மாநிலத்துக்கு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கும் அதுதான் வழி. ஏழு பேர் ஆட்டம். உலையில் அரிசி கொதிப்பதற்குள் முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

கர்ணன் ஆலமரத்தடிச் சமையலில் நின்றார். இட்லி, கொத்தமல்லிச் சட்னி, மதியத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. மைதானத்தில் கத்தல் எழும்போதெல்லாம் குழம்பைக் கிண்டச் சொன்னார். வந்த மேனேஜர்கள் கையைப் பிடித்து, "இவ்வளவு மெத்துன்னு ஒரு கிரவுண்டு எங்க காலேஜ்லயே இல்ல சார்" என்றார்கள். கர்ணன் தலையை மட்டும் அசைத்தார். நிறைவு விழாவில் அவருக்குப் பொன்னாடை என்று முதல்வர் முடிவு செய்திருந்தார்.

இரவு கணவாயிலிருந்து சாரல் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் மைதானத்துக் கோடுகள் ஒன்றும் இல்லை. முந்தின நாள் கோலப்பொடியில் போட்டவை எல்லாம் பால் சிந்தின மாதிரி மண்ணுக்குள் போயிருந்தன. மிச்சம் வைத்த மூட்டையும் நனைந்து களியாகிக் கிடந்தது.

முனீஸ்வரி ஒரு காதில் போனை வைத்தபடி ஓடிவந்தாள். "மாமா, கம்பத்துலருந்து கோலப்பொடி பஸ்ல ஏத்திவிடச் சொல்லிட்டேன். வந்ததும் கோடு போட்டுக்கலாம். செமி பைனல் கொஞ்சம் தள்ளிப் போனாப் போகுது."

"தள்ளிப் போறதா? யுனிவர்சிட்டிக்காரக டயத்துக்கு வந்து உக்காந்திருக்காக. நீ போ. கோடு நான் போட்டு வைக்கிறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நடுவர் கூப்பிட்டார்.

கர்ணன் தோட்டத்துக் கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். திராட்சைக்கு மருந்தடிக்க மயில்துத்தத்தோடு கலக்கிற கல்சுண்ணாம்பு அங்கே மூட்டையாகக் கிடந்தது. அதை உடைத்துத் தூளாக்கி, சல்லடையில் சலித்து, ஓட்டை போட்ட தகர டப்பாவில் நிரப்பினார். ஈஸ்வரபாண்டி தலையைச் சொறிந்தான்.

"அய்யா, இது நீறாத சுண்ணாம்புல்ல? தண்ணி பட்டாப் பொங்குமே. மண்ணு வேற ஈரம்."

"எனக்குச் சொல்றியா? நாப்பது வருசமா இதோட கெடக்கேன். கோட்டுல எவடா போயி உருளப் போறா? கயித்தப் புடி."

அவருக்குத் தெரிந்த ஆட்டங்களில் கோடு என்பது ஒதுங்கி நிற்கிற இடம். கபடியில் மிதித்தால் அவுட். வாலிபாலில் பந்து தாண்டினால் போச்சு. கயிறு பிடித்து, நூல் விலகாமல், குனிந்த முதுகு நிமிராமல் அவரே எல்லாக் கோடுகளையும் போட்டார். ஈர மண்ணில் பளிச்சென்று நின்றன. நேற்றையதைவிட அழகு என்று நடுவரே சொன்னார்.

அரையிறுதி தொடங்கியது. கர்ணன் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்று வாழைப்பழத் தாரில் சீப்பு வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கூட்டம் எழுந்து, "போ சிம்ரன், போ போ!" என்று கத்தியது. தொப்பென்று ஒரு சத்தம். விசில். கைதட்டல். பிறகு அந்தக் கைதட்டல் நடுவிலேயே அறுந்தது. "கண்ணு! சார், கண்ணு எரியுது சார்!"

கர்ணன் திரும்பினார்.

மைதானத்தின் கடைசிக் கோட்டில் ஒரு பிள்ளை குப்புற விழுந்து, முட்டைப் பந்தை இரண்டு கையாலும் கோட்டின் மேலேயே அமுக்கியபடி கிடந்தாள். தாடையிலிருந்து முழங்கை வரை வெள்ளை. வேர்வையும் ஈரமும் பட்டு அந்த வெள்ளை தோலில் களிம்பாக ஒட்டியிருந்தது. அவளைப் பிடித்துத் தள்ள வந்த இன்னொருத்தியின் முழங்காலிலும் வெள்ளை. இந்த ஆட்டத்தில் கோட்டின் மேல் பந்தோடு விழுந்தாலே புள்ளி என்பது அந்த நொடியில்தான் அவருக்குத் தெரிந்தது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். "தேய்க்காத! யாரும் தேய்க்காதீக! துணியால ஒத்தித் தட்டிவிட்டுத் தண்ணிய ஊத்து. நிறுத்தாம ஊத்து!" தண்ணீர்க் குழாயை அவரே இழுத்துவந்தார். முனீஸ்வரி பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொள்ள, கர்ணன் தண்ணீரை மெல்ல விட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை துள்ளினாள். "பொறுத்துக்க ஆத்தா, பொறுத்துக்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

மேனேஜர்கள் எல்லாரும் வகுப்பறையில் கூடினார்கள். விழுந்த பிள்ளை சிம்ரனுடைய அணி மேனேஜர் ஆதித்தன், பெரியகுளம் பக்கத்துக் கல்லூரிக்காரர், மேசையைக் குத்தவில்லை. கத்தவுமில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

"மேடம், அந்தப் பிள்ளையோட அப்பா மாந்தோப்புல காவலுக்கு இருக்காரு. இந்த டீமுல பேரு வந்தா அவ தலையெழுத்தே மாறும். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் கோட்டப் போட்டது யாரு?"

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். "கிரவுண்டு மேன் கவனக்குறைவுங்க. ஆக்சன் எடுத்துருவோம்." கண்ணால் கர்ணனைப் பார்த்து, நீங்கள் சும்மா இருங்கள் என்று சொன்னார்.

வாசலில் நின்ற ஈஸ்வரபாண்டி கர்ணனைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரி எழுந்தாள். "ஈஸ்வரபாண்டி மேல தப்பில்ல சார். ஆர்கனைசிங் செக்ரட்டரி நான். கோட்டப் பாக்காம மேட்ச் ஆரம்பிக்க விட்டது என் பொறுப்பு. ரிப்போர்ட்டுல என் பேரப் போட்டுக்கங்க."

கர்ணன் சுவரோரம் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் பொன்னாடை அப்படியே இருக்கும். மருமகளின் வேலை போகும். போனால் வீட்டில் இருப்பாள், ஊர் வாயும் அடைபடும். கஸ்தூரி சந்தோஷப்படக்கூடச் செய்வாள். அவருடைய பெயருக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் தன் வீட்டுக்கு வாழ வந்த பிள்ளை தனக்காக ஊரார் முன் தலைகுனிந்து நிற்பதையும், கூலிக்கு வேலை பார்க்கிறவன் தன் முகத்தைப் பார்க்காமல் நிற்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"உக்காரு ஆத்தா" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"சுண்ணாம்பு என் கொட்டகையில இருந்தது. போட்டது இந்தக் கை. இவன் வேணாம்னு சொன்னான், நான் அதட்டுனேன். மருமக கோலப்பொடிக்குச் சொல்லியிருந்துச்சு, காத்திருக்கச் சொல்லுச்சு, நான் கேக்கல. இத்தன நாளா ஆட்டத்தத் திரும்பிப் பாத்திருந்தா, பிள்ளைக கோட்டுலதான் விழும்னு தெரிஞ்சிருக்கும். பாக்குறது கவுரவக் கொறச்சல்னு நெனச்சு நின்னேன். என் பேரு கர்ணன். ரிப்போர்ட்டுல அத எழுதுங்க."

முதல்வர் முகம் சுருங்கியது. பல்கலைக்கழகத்துக்காரர் பேனாவைத் திறந்து, "தகப்பன் பேரோட சொல்லுங்கய்யா" என்றார். கர்ணன் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆதித்தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பைனல் ஆடணும்னா எல்லாக் கோட்டையும் மண்ணோட சேத்து அள்ளி வெளிய போடுங்க. அப்புறம், கடைப் பொடி எதுவும் வேணாம். வெள்ளையா எதப் பாத்தாலும் எங்க பிள்ளைக விழாதுக. வாயில போட்டுத் திங்கிற பொருள்ல கோடு போட்டாத்தான் எறங்குவோம்."

கர்ணன் மண்வெட்டியை எடுத்தார். ஈஸ்வரபாண்டி கூடை பிடித்தான். இருவரும் கோடு கோடாக மண்ணைச் செதுக்கி அள்ளினார்கள். மைதானத்தில் அவ்வளவு கோடுகள் இருக்கும் என்று போடும்போது தோன்றவில்லை. அள்ளும்போதுதான் தெரிந்தது.

வீட்டில் கஸ்தூரியம்மாள் வைத்திருந்த இடியாப்ப மாவு ஒரு பக்கத்துக்குக்கூடக் காணாது. மில்லில் கரண்ட் இல்லை. ஊருக்குள் போய்க் கேட்டால்தான் உண்டு.

"நான் போறேன் மாமா" என்றாள் முனீஸ்வரி.

"நீ பிள்ளைகளப் பாரு." அவர் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஒரு வாசலிலும் கைநீட்டி நின்றறியாத மனிதர். முதல் வீட்டில் மாரீஸ்வரி கண்ணை விரித்தாள்.

"என்ன பெரியய்யா, ஆத்தா உலை வைக்கலயா? வாளியத் தூக்கிட்டு வந்துட்டீக!"

"பச்சரிசி மாவு இருந்தாக் குடு ஆத்தா. பிள்ளைக ஆடுற கோட்டுக்கு."

"மாவுலயா கோடு? எறும்பு வந்து ஆட்டத்தக் கலச்சுப்புடும் பாத்துக்கங்க." சொல்லிக்கொண்டே ஒரு படி போட்டாள். சங்கதி அவருக்கு முன்னால் தெருவில் ஓடியது. பள்ளிவாசல் தெருவில் ரம்லத் ரம்ஜானுக்கு எடுத்து வைத்த மாவு டப்பாவையே தூக்கிக் கொடுத்தாள். ஜெய்லானி டீக்கடையிலிருந்து, "மாப்ள, பிச்சைக்குப் போற ஆளு துண்டத் தலையிலயாவது போட்டுட்டுப் போ" என்று கத்தினார். சொல்லிவிட்டு அவரும் ஒரு வாளியோடு எதிர்ச் சாரிக்குப் போனார்.

வளைவில் மகாலட்சுமியின் வீடு. தம்பி மகள். வேற்றுச் சாதி ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று கர்ணன் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தார். வாளி இன்னும் நிரம்பவில்லை. நின்றார்.

அவள் கதவைப் பிடித்தபடி சொன்னாள். "மாவு இருக்கு பெரியப்பா. எல்லாத்தையும் தர்றேன். உள்ள வந்து அள்ளிக்கங்க. வாசல்ல வச்சுத் தர மாட்டேன்."

கர்ணன் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் மாவை அள்ளினார். அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் கோடுகள் தயாராயின. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் கோணல். கர்ணன் ஆதித்தன் முன்னால் குனிந்து, கடைசிக் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி தானும் நக்கிப் பார்த்து, "டேய், நெசமாவே மாவுதான்" என்றாள்.

சிம்ரன் இல்லாமலேயே அவளுடைய அணி இறுதி ஆட்டத்துக்கு நின்றது. அவள் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் வந்தாள். ஒரு கண்ணில் கட்டு, கையில் தாடையில் களிம்பு. கண்ணுக்குப் பழுதில்லை, ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கர்ணன் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஆத்தா... அது நான் போட்ட சுண்ணாம்பு."

"தெரியும் தாத்தா. சார் சொன்னாக." அவள் ஒற்றைக் கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் கோட்டுல வச்ச ட்ரைக்குப் பாயிண்டு குடுத்துட்டாங்கல்ல? இல்ல, அடிச்சுட்டாங்களா?"

"எனக்கு அது தெரியலயே ஆத்தா."

"குடுத்துட்டாங்க" என்றாள் முனீஸ்வரி. "அந்த ட்ரையிலதான் நீங்க பைனல் வந்தது. கமிட்டியில ரெண்டு பேரு எந்திரிச்சு நின்னு கைதட்டுனாக. ஆனா லிஸ்டுல என்ன எழுதுவாகன்னு நான் சொல்ல முடியாது."

சிம்ரன் பல்லைக் கடித்துச் சிரித்தாள். "வந்தாலும் வரட்டும், வராட்டியும் போகட்டும். தாத்தா மட்டும் இன்னைக்கு மாதிரி அடுத்த வருசம் கோடு போட வராம இருந்தாச் சரி."

"வர மாட்டேன் ஆத்தா. வந்தா மாவோடதான் வருவேன்."

பொன்னாடை என்ற பேச்சை முதல்வர் எடுக்கவில்லை. எடுத்தாலும் கர்ணன் வாங்கியிருக்க மாட்டார். முனீஸ்வரி விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் போனாள். அவள் வேலை என்ன ஆகுமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆதித்தன் அவளுடன் பேசிக்கொண்டே நடந்தார். அறிக்கையில் அவள் பெயர் எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்று தானே பல்கலைக்கழகத்துக்காரரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. ஒருத்தி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். இருவர் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுக்க, அவள் இழுபட்டபடியே முன்னால் போனாள். கர்ணன் எல்லைக்கு வெளியே, துண்டைத் தோளில் போட்டு, நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பந்தைப் பின்னாலேயே எறிகிறார்கள், ஏன் முன்னால் எறியவில்லை என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பின்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த சிம்ரன் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, குத்துக்கல்லு மாதிரி நிக்காதீக. எனக்கு ஒரு கண்ணுதான் இருக்கு, அதையும் மறைக்கிறீக. கோடு தெரியல. உக்காருங்க."

கர்ணன் சுற்றிலும் பார்த்தார். நாற்காலி எதுவும் இல்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.